இனிப்பாக இருப்பதும் இனிப்பாகப் பேசுவதும்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இப்பகுதியில் ஆங்கிலத்தின் பெயர்ச்சொல், பெயரடை, வினையடை ஆகிய மூன்றையும் ‘பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி’ என்ற ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கியிருந்தேன். அந்த எடுத்துக்காட்டு அளவுக்கு மீறி ஒழுங்காக அமைந்துவிட்டது என்பதை, தொடர்ந்து வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருவதால் ஒலிப்பு சற்று முன்பின்னாக இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: ‘திருநெல்வேலி அல்வா இனிப்பாக இருக்கும்’ என்பதை ‘ஹல்வா டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று தேர்வில் எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை, வினையடைக்கு ஆங்கிலத்தில் ‘லி’ சேர்க்க வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? என் பிழை என்ன?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பிழையில் பாதிதான் உங்களுடையது, மீதிப் பாதி அந்தச் சூத்திரத்தைச் சேரும். ‘ஆன’, ‘ஆக’ இரண்டும் ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து பிறந்தவை. ‘அழகான பெண்’ என்னும்போது ‘அழகான’ என்பது பெண்ணைச் சிறப்பிக்கிறது. ‘அழகாகப் பாடினாள்’ என்னும்போது ‘அழகாக’ என்பது பாடிய விதத்தைச் சொல்கிறது. இதுவரை சூத்திரத்தில் குறையில்லை. ‘அழகாக இருக்கிறாள்’ என்ற வாக்கியம் வந்ததும் அது காலை வாரிவிடுகிறது. இருத்தல் என்ற செயலை அவள் அழகாகச் செய்கிறாள் என்பதா அதன் பொருள்? அழகு அவளுடையது, ‘இருக்கிறாள்’ என்பது அழகையும் அவளையும் முடிச்சுப் போடும் கயிறு மட்டுமே. எழுவாயின் பண்பை ‘இரு’ என்னும் வினையோடு சேர்த்துச் சொல்லத் தமிழுக்கு ‘ஆக’ தேவைப்படுகிறது; ஆங்கிலம் அதே இடத்தில் வெறும் பெயரடையை வைத்து, ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ என்று முடித்துக்கொள்கிறது. ஆகவே தமிழின் ஒரே ‘ஆக’ ஆங்கிலத்தில் இரண்டு வழியாகப் பிரிந்து போகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அல்வாவுக்கு வருவோம். டவுனில் மாலை நேரத்தில் அல்வாக் கடை முன்னால் நின்றிருப்பீர்கள். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து சட்டியில் திரண்டு பளபளத்து வரும்போது, கிண்டுகிறவர் கரண்டியின் நுனியிலிருந்து ஒரு துளியை எடுத்து, ஊதி ஆற்றி, நாக்கில் வைத்து, ஒரு நொடி கண்ணை மூடிப் பதம் பார்ப்பார். இதை ஆங்கிலத்தில் ‘தி குக் டேஸ்டட் தி ஹல்வா கேர்ஃபுல்லி’ என்று சொல்ல வேண்டும். கவனம் அவர் செய்த செயலில் இருப்பதால் அங்கே ‘லி’ வருகிறது. பிறகு இலைத்துண்டில் சுடச்சுட உங்கள் கைக்கு வந்த அல்வாவைப் பற்றிச் சொல்லும்போது, ‘தி ஹல்வா டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்றே சொல்ல வேண்டும். அல்வா எதையும் சுவைத்துப் பார்க்கவில்லை; இனிப்பு அதன் பண்பு. ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதினால், அல்வாவுக்கு நாக்கு முளைத்து, அது எதையோ இனிய முறையில் சுவைத்துக்கொண்டிருப்பதாகப் பொருள்பட்டுவிடும். மதிப்பெண் போனதற்குக் காரணம் அதுதான்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. தமிழில் ‘சுவைத்துப் பார்த்தார்’ என்பதும் ‘சுவையாக இருக்கிறது’ என்பதும் வெவ்வேறு வினைகள். ‘முகர்ந்தாள்’ வேறு, ‘மணக்கிறது’ வேறு. ‘பார்த்தாள்’ வேறு, ‘தெரிந்தாள்’ வேறு. ஆங்கிலத்திலோ ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’, ‘லுக்’ என்று இரண்டு வேலைக்கும் ஒரே வினைதான். நாம் வினையில் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலேயர் அடையில் காட்டுகிறார்கள். ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவள் கோபமாகத் தெரிந்தாள். ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட் தி கண்டக்டர்’ என்றால் சில்லறை தராத நடத்துநரைக் கோபமாகப் பார்த்தாள். முதல் வாக்கியத்தில் கோபம் முகத்தில் இருக்கிறது, இரண்டாவதில் பார்வையில் இருக்கிறது.

ஐயம் வரும்போது அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி ஹல்வா இஸ் ஸ்வீட்’ என்பது நிற்கிறது, ஆகவே பெயரடை. ‘தி குக் இஸ் தி ஹல்வா’ என்றால் சமையற்காரரே அல்வாவாகிவிடுகிறார். ஆகவே அங்கே வினையடை. ‘ஃபீல்’, ‘சவுண்ட்’, ‘சீம்’, ‘பிகம்’ ஆகியவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

*

கேள்வி: நலம் விசாரிக்கிறவருக்கு ‘ஐ ஆம் குட்’ என்பதா, ‘ஐ ஆம் வெல்’ என்பதா? ‘குட்’ என்பதற்கு ‘வெல்’தான் வினையடை என்றால், ‘ஆம்’ என்பதற்குப் பிறகு வினையடை எப்படி வருகிறது?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘நல்லா இருக்கியளா?’ என்று கேட்டால் அவர்கள் விசாரிப்பது உடல்நலத்தைத்தான், ஒழுக்கத்தை அன்று. ஆங்கிலத்தில் ‘வெல்’ என்ற சொல் இரண்டு பிறவி எடுத்திருக்கிறது. ‘ஷி சிங்ஸ் வெல்’ என்பதில் அது ‘குட்’ என்பதற்குரிய வினையடை. ‘ஐ ஆம் வெல்’ என்பதில் அது ‘உடல்நலத்தோடு’ என்ற பொருளுடைய பெயரடை. பழைய மரபு ‘வெல்’ என்பதை விரும்பும். இக்காலப் பேச்சில் ‘ஐ ஆம் குட்’ தாராளமாக வழங்குகிறது. விண்ணப்பத்திலும் கடிதத்திலும் ‘வெல்’ என்றே எழுதுங்கள். தமிழிலும் ‘நல்ல’ என்பதற்கு ‘நல்லாக’ என்ற எழுத்து வழக்கு இல்லாமல், ‘நன்கு’, ‘நன்றாக’ என்று உருமாறித்தான் வருகிறது. நல்லதைக் குறிக்கும் சொற்கள் இரண்டு மொழியிலும் ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை.

*

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பெயர்ச்சொல், பெயரடை, வினையடை என்று மூன்று பத்தி போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்கிறான். நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ‘நெஸ்’, இன்னொன்றுக்கு ‘இட்டி’, வேறொன்றுக்கு ‘த்’ என்று வருவதற்கு ஏதேனும் முறை உண்டா, அல்லது உருப்போடுவதுதான் வழியா?
— தந்தை ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த அட்டவணையின் மூன்றாவது பத்தியை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. வினையடை என்பது பெரும்பாலும் பெயரடையோடு ‘லி’ சேர்ந்ததுதான். விலக்குகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். வரலாறெல்லாம் குவிந்து கிடப்பது பெயர்ச்சொல் பத்தியில்தான். பையன் நேரம் செலவிட வேண்டிய இடமும் அதுவே.

ஆங்கிலம் இரண்டு வீட்டுச் சொத்தை ஒன்றாக வைத்துக் குடித்தனம் நடத்தும் மொழி. ஒரு வீடு அதன் பூர்வீகமான செருமானியக் கிளை. மற்றொன்று 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த இலத்தீன் கிளை. ‘கைண்ட்’, ‘டார்க்’, ‘ஸ்வீட்’ போன்ற பூர்வீகச் சொற்கள் ‘நெஸ்’ பெற்று ‘கைண்ட்னெஸ்’, ‘டார்க்னெஸ்’, ‘ஸ்வீட்னெஸ்’ ஆகின்றன. ‘பாசிபிள்’, ‘பியூர்’, ‘ராபிட்’ போன்று வந்தேறிய சொற்கள் ‘இட்டி’ பெற்று ‘பாசிபிலிட்டி’, ‘பியூரிட்டி’, ‘ராபிடிட்டி’ ஆகின்றன. ‘அன்ட்’ என்னும் ஒலியில் முடியும் ‘இம்பார்ட்டன்ட்’, ‘பேஷன்ட்’, ‘எஃபிஷியன்ட்’ முதலியவை ‘இம்பார்ட்டன்ஸ்’, ‘பேஷன்ஸ்’, ‘எஃபிஷியன்சி’ என்று மாறும். பூர்வீக விகுதியான ‘நெஸ்’ மட்டும் பெருந்தன்மை உடையது. வந்தேறிய சொல்லோடும் சேர்ந்துகொள்ளும். எனவே சரியான வடிவம் நினைவுக்கு வராதபோது ‘நெஸ்’ சேர்ப்பது ஆபத்துக் குறைந்த வழி. ‘இட்டி’யை அப்படிப் பூர்வீகச் சொல்லில் ஒட்டவே முடியாது; ‘டார்க்கிட்டி’ என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

‘இட்டி’ சேரும்போது இன்னொன்றும் நடக்கிறது. சொல்லின் அழுத்தம் இடம் பெயர்ந்து, ‘இட்டி’க்கு முந்திய அசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘க்யூரியஸ்’ என்பதில் முதல் அசையை அழுத்துகிறோம். ‘க்யூரியாசிட்டி’ என்பதில் ‘யா’வை அழுத்த வேண்டும். அந்தச் சொல்லை எழுதும்போது ‘ஓ’வுக்குப் பின் இருந்த ‘யூ’ என்ற எழுத்தும் காணாமற்போகிறது. ‘ஜெனரஸ்’, ‘ஜெனராசிட்டி’ ஆகியவற்றிலும் அப்படியே. ‘லி’யும் ‘நெஸ்’ஸும் பொதுவாகச் சொல்லின் அழுத்தத்தை அசைப்பதில்லை. நம் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்காமல் எழுதி எழுதியே கற்பதால், எழுத்து சரியாகவும் ஒலிப்பு தவறாகவும் வளர்ந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய மனக்குறை.

மூன்றாவதாக உள்ள ‘த்’ கூட்டம் மிகப் பழையது; அதில் புதிய உறுப்பினருக்கு இடமில்லை. ‘வார்ம்’–‘வார்ம்த்’, ‘ட்ரூ’–‘ட்ரூத்’ என்பவை எளியவை. ‘லாங்’–‘லெங்த்’, ‘ஸ்ட்ராங்’–‘ஸ்ட்ரெங்த்’, ‘பிராட்’–‘பிரெட்த்’ என்பவற்றில் உள்ளே இருக்கும் உயிரும் ஏன் மாறுகிறது என்று உங்கள் மகன் கேட்டால், அவனை நம் பேச்சிலேயே காட்டிப் புரியவைக்கலாம். ‘இலை’ என்று எழுதிவிட்டு ‘எல’ என்கிறோம். ‘உடம்பு’ என்று எழுதிவிட்டு ‘ஒடம்பு’ என்கிறோம். ‘குடை’ என்பதைக் ‘கொடை’ என்று சொல்லி, அம்மன் கோயில் கொடையோடு குழப்பிக்கொள்கிறோம். பின்னால் வரும் ‘அ’ அல்லது ‘ஐ’ ஒலியானது முன்னால் உள்ள இகரத்தை எகரமாகவும் உகரத்தை ஒகரமாகவும் தன் பக்கம் இழுக்கிறது. அதுபோலவே, ஆங்கிலத்தின் அந்தப் பழைய விகுதியில் ஒருகாலத்தில் ‘த்’ ஒலிக்கு முன் ஓர் இகரம் இருந்தது. அந்த இகரம் முன்னுள்ள உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோயிற்று. வந்து போனவரை நாம் காணவில்லை. அவர் நகர்த்திப் போட்ட நாற்காலி மட்டும் நகர்த்திய இடத்திலேயே கிடக்கிறது. ‘ஃபவுல்’–‘ஃபில்த்’, ‘ஹோல்’–‘ஹெல்த்’ ஆகிய இணைகளும் இப்படி வந்தவைதாம். முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’ என்ற சொல்லின் வழியே உடல்நலத்துக்குரிய ‘ஹெல்த்’ பிறந்தது என்பதைப் பள்ளி அட்டவணைகள் சொல்வதில்லை.

சில பெயரடைகளுக்கு இரண்டு பெயர்ச்சொற்கள் இருந்து, பொருளும் வேறுபடும். ‘ஹார்ட்னெஸ்’ என்பது இரும்பின் கடினத்தன்மை; ‘ஹார்ட்ஷிப்’ என்பது மனிதர் படும் துன்பம்.

அட்டவணையின் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று எண்ண வேண்டாம். ‘டால்’, ‘ஓல்ட்’, ‘பிக்’ ஆகியவற்றுக்கு வழக்கில் உள்ள வினையடை இல்லை என்றே சொல்லலாம். ‘டிஃபிகல்ட்’ என்பதற்கு ‘டிஃபிகல்ட்லி’ என்று நிரப்பிய அட்டவணைகளைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலேயர் அதைச் சொல்லாமல் ‘வித் டிஃபிகல்ட்டி’ என்று பெயர்ச்சொல்லைக் கொண்டே சமாளிக்கிறார்கள்.

*

கேள்வி: ‘லி’ சேர்ந்தால் வினையடை என்றால், ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ என்பவை எப்படிப் பெயரடை ஆயின?
— கடைக்காரர், வள்ளியூர்

பதில்: ‘லி’யைக் கழற்றிவிட்டு எஞ்சியிருப்பதைப் பாருங்கள். எஞ்சியது பெயர்ச்சொல்லானால் முழுச்சொல் பெயரடை: ‘ஃப்ரெண்ட்’, ‘லவ்’, ‘காஸ்ட்’, ‘கவர்ட்’ (கோழை) ஆகியவை ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘காஸ்ட்லி’, ‘கவர்ட்லி’ ஆகும். எஞ்சியது பெயரடையானால் முழுச்சொல் வினையடை: ‘ஸ்லோ’, ‘குவிக்’ ஆகியவை ‘ஸ்லோலி’, ‘குவிக்லி’ ஆகும். நூற்றுக்கு நூறு பொருந்தாவிட்டாலும் கடை நடத்தப் போதுமான தராசு இது.

இதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘லீக்’ என்றால் உடல், வடிவம் என்று பொருள். ‘போன்ற’ என்ற பொருளில் இன்றும் வழங்கும் ‘லைக்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே ‘ஃப்ரெண்ட்லி’ என்றால் நண்பனைப் போன்ற என்று விரித்துக்கொள்ளலாம். அக்காலத்தில் பெயரடைக்கு ‘லிக்’ என்றும், வினையடைக்கு அதன் இறுதியில் ஓர் எகரம் சேர்த்து ‘லிச்சே’ என்றும் இரண்டு வடிவங்கள் இருந்தன. பிற்காலத்தில் சொல்லின் கடைசியில் நின்ற ஒலிகள் தேய்ந்து உதிர்ந்தபோது இரண்டும் ‘லி’ என்ற ஒரே குரலாகிவிட்டன. ‘ஃப்ரெண்ட்லி’யிலிருந்து ‘ஃப்ரெண்ட்லிலி’ என்று வினையடை செய்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்பதால், ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘மந்த்லி’ ஆகியவை பெயரடையாகவும் வினையடையாகவும் வரும். உங்கள் கடையில் ஒருவர் ‘வீக்லி வந்தாச்சா?’ என்று கேட்டால் அது பெயர்ச்சொல்லே ஆகிவிடுகிறது.

*

கேள்வி: ‘கடினமாக உழைத்தான்’ என்பதற்கு ‘ஹி ஒர்க்ட் ஹார்ட்லி’ என்று எழுதக் கூடாதாமே? ‘ஃபாஸ்ட்’ என்பதற்கும் ‘லி’ கிடையாதாம். ஏன் இந்த ஓரவஞ்சனை?
— ஓய்வுபெற்ற எழுத்தர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இந்தப் பிழையைச் செய்தவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மேற்படிப்புக்குச் செல்லவிருந்த மாணவன் ஒருவனுக்கு நற்சான்றிதழ் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘கடினமாக உழைக்கும் பையன்’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘எ ஹார்ட்லி ஒர்க்கிங் பாய்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் ஆறு படிகள் எழுதி, மூத்த ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சற்றே இறக்கி, அந்த வரியின் மேல் சுட்டுவிரலை வைத்து, ‘இந்தப் பய மேல உமக்கு என்னவே கோவம்?’ என்று கேட்டார். வேலையே செய்யாத பையன் என்று நான் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஆறு தாள்களும் கிழிந்தன. அன்று மாலையே மறுபடியும் எழுதினேன்.

முந்திய பதிலில் சொன்ன அந்த உதிர்ந்த எகரம்தான் இங்கேயும் காரணம். பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஓர் எகரம் சேர்த்தாலே அது வினையடையாகிவிடும்; ‘லி’ கட்டாயமில்லை. அந்த எகரம் உதிர்ந்ததும் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவமாயின. ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’, ‘லேட்’ ஆகியவை அப்படி எஞ்சியவை. ‘எ ஃபாஸ்ட் பஸ்’ என்பதில் அது பெயரடை. ‘தி பஸ் கோஸ் ஃபாஸ்ட்’ என்பதில் அதுவே வினையடை. பெரும்பாலான சொற்கள் வேறுபாடு காட்டுவதற்காக ‘லி’யைத் தேடிக்கொண்டன, இந்தச் சில சொற்கள் பழைய சட்டையோடேயே இருந்துவிட்டன.

நமக்கு இது புதிதன்று. ‘பைய வா’ என்று சொல்லும்போது ‘பைய’ என்பதோடு நாம் ‘ஆக’ சேர்ப்பதில்லை. ‘பசையினள் பைய நகும்’ என்று திருக்குறளில் வரும் அதே ‘பைய’தான் தாமிரபரணிப் படித்துறையில் வழுக்கும் கல்லில் இறங்குகிறவரைப் பார்த்து நாம் சொல்வதும். ‘மெல்ல’ என்பதும் அப்படியே.

‘லி’ சேர்த்துக்கொண்ட ‘ஹார்ட்லி’யோ பொருள் மாறிப்போயிற்று. முதலில் அதற்குக் ‘கடினப்பட்டு’ என்ற பொருள் இருந்தது. கடினப்பட்டு நடப்பது அபூர்வமாகத்தான் நடக்கும். அபூர்வமாக நடப்பது ஏறத்தாழ நடக்காததற்குச் சமம். இப்படிப் படிப்படியாக இறங்கி, ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற இடத்தில் நின்றது. தமிழில் ‘அரிது’ என்ற சொல்லைப் பாருங்கள்: ‘அரிதின் முயன்றான்’ என்றால் பாடுபட்டு முயன்றான், ‘அரிதாக வருவான்’ என்றால் எப்போதாவது வருவான். கடினமும் அபூர்வமும் ஒரே சொல்லில் குடியிருப்பது இரண்டு மொழிக்கும் இயல்பாக இருக்கிறது. ‘லேட்’ என்றால் தாமதமாக, ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக. ‘நியர்’ என்றால் அருகில், ‘நியர்லி’ என்றால் ஏறத்தாழ. இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கற்பது நல்லது.

*

கேள்வி: தமிழில் பெயரடையே கிடையாது என்று கால்டுவெல் எழுதியதாகப் படித்தேன். அவர் வாழ்ந்த இடையன்குடிக்கு அருகில் வசிக்கும் தமிழாசிரியன் என்ற முறையில் இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ‘நல்ல’, ‘பெரிய’ என்பவை பெயரடை இல்லையா?
— தமிழாசிரியர், திசையன்விளை

பதில்: உறுத்த வேண்டியதில்லை; அவர் குறை சொல்லவில்லை. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் சொல்வதன் சாரம் இது: திராவிட மொழிகளில் பண்பைக் குறிக்கும் பெயர்ச்சொற்களே மற்றொரு பெயருக்கு முன்னால் நின்று பெயரடையின் வேலையைச் செய்கின்றன. தொல்காப்பியமும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகத்தான் வகுத்தது; பெயரடைக்குத் தனி அறை ஒதுக்கவில்லை. ‘நல்ல’, ‘பெரிய’ என்பவற்றை நம் மரபு குறிப்புப் பெயரெச்சம் என்று வினையின் பக்கம் சேர்க்கிறது. இக்கால மொழியியலார் சிலர் அவற்றைப் பெயரடை என்றே கொள்வர். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் மிகச் சிறியது என்பதில் இரண்டு தரப்புக்கும் வழக்கில்லை.

நன்னூலின் 136ஆம் நூற்பாவை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். ‘ஈறு போதல், இடை உகரம் இய்யாதல்’ என்று தொடங்கும் அந்த விதி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘கருமை’ என்ற பெயர்ச்சொல்லை முதலில் வைத்து, அதன் ஈற்றை வெட்டிக் ‘கருவிழி’ ஆக்குகிறது. ‘சிறுமை’யிலிருந்து ‘சிற்றூர்’, ‘பசுமை’யிலிருந்து ‘பைங்கூழ்’ என்று ஆக்குகிறது. பெயர்ச்சொல் மூலதனம்; அதைக் குறைத்துத்தான் அடை கிடைக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இது தலைகீழ்: ‘டார்க்’ என்ற பெயரடை மூலதனம், அதோடு ‘நெஸ்’ கூட்டிப் பெயர்ச்சொல், ‘லி’ கூட்டி வினையடை. நம்முடையது கழித்தல் கணக்கு, அவர்களுடையது கூட்டல் கணக்கு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேடிக்கை என்று சொன்னதற்குக் காரணம், அவர்களும் சில இடங்களில் கழித்திருக்கிறார்கள். ‘டிஃபிகல்ட்டி’ என்ற பெயர்ச்சொல்தான் ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது. அதன் வாலை வெட்டி ‘டிஃபிகல்ட்’ என்ற பெயரடையை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று சொல் வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் காட்டினால் ஈறு போதல் என்றே சொல்லியிருப்பார். ‘பியூட்டி’யிலிருந்து ‘பியூட்டிஃபுல்’ பிறந்ததும் பெயரை முதலாகக் கொண்ட முறைதான். நம்முடைய ‘அழகு, அழகான, அழகாக’ என்ற வரிசையோடு அது இழைக்கு இழை ஒத்துப்போவதால்தான் எல்லோரும், சென்ற மாதம் நானும், அந்த எடுத்துக்காட்டையே எடுத்தாள்கிறோம்.

கால்டுவெல் சொன்னதற்குச் சான்று வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போக வேண்டாம். வண்ணார்பேட்டையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். ‘அண்ணாச்சி, ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்பார் ஒருவர். ‘பஸ் லேட்டா வருது’ என்பார் இன்னொருவர். ‘நாளைக்கு ஃப்ரீயா இருந்தா வாங்க’ என்பார் மூன்றாமவர். ‘ஸ்ட்ராங்’, ‘லேட்’, ‘ஃப்ரீ’ மூன்றும் ஆங்கிலத்தில் அப்படியே ஒரு பெயருக்கு முன் நிற்கத்தக்க பெயரடைகள். தமிழ் வாய்க்கு அது போதவில்லை. ‘ஸ்ட்ராங் டீ’ என்பது ஆங்கிலத் தொடராகவே வந்தால் வரலாம். தமிழாக்கிப் பேசும்போது ‘ஸ்ட்ராங்கான டீ’ என்று ‘ஆன’ வேண்டும். ‘அழகு’, ‘சூடு’, ‘இனிப்பு’ ஆகிய பெயர்ச்சொற்களோடு சேரும் ‘ஆன’வும் ‘ஆக’வும் இந்த ஆங்கிலப் பெயரடைகளோடும் தயங்காமல் சேர்கின்றன. அதாவது, வெளியூரிலிருந்து பெயரடை என்று சொல்லிக்கொண்டு வந்தவரையும் நம் மொழி வாசலிலேயே நிறுத்தி, பெயர்ச்சொல்லாகப் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே விடுகிறது.

உங்கள் மாணவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் நடத்துகிறவர்கள் வேறு வேறு ஆசிரியர்களாக இருப்பார்கள். நூற்பா 136ஐ நடத்தும் நாளில் கரும்பலகையின் ஒரு மூலையில் ‘டார்க், டார்க்னெஸ், டார்க்லி’ என்று எழுதிப் போட்டுவிட்டு நடத்திப் பாருங்கள்.

*

கேள்வி: விடுப்புக் கடிதத்தின் முடிவில் எழுதும் ‘ட்ரூலி’, ‘சின்சியர்லி’, ‘ஃபெய்த்ஃபுல்லி’, ‘ஒபீடியன்ட்லி’ ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் தப்பாக எழுதுகிறேன். எழுத்துக்கூட்டலைச் சொல்லித்தாருங்கள்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பத்தமடை

பதில்: நான்கும் பெயரடையோடு ‘லி’ சேர்ந்த வினையடைகள். ‘ட்ரூ’ என்பதன் இறுதியில் உள்ள ‘ஈ’ என்ற எழுத்து உதிர்ந்துவிடும். ‘சின்சியர்’ என்பதில் உள்ள ‘ஈ’ உதிராது, அதை விட்டுவிட்டுத்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ‘ஃபெய்த்ஃபுல்’ என்பதன் முடிவில் ஒரே ‘எல்’; ‘லி’யின் ‘எல்’ வந்து சேரும்போது இரண்டாகும். ‘ஒபீடியன்ட்’ என்பதில் எதுவும் கூடவோ குறையவோ செய்யாது. அப்படியே எழுதி ‘லி’ சேர்த்தால் முடிந்தது. ‘யுவர்ஸ்’ என்பதில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் மேலே தொங்கும் காற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) வைக்காதே, அம்மா. என் மேசையில் இருக்கும் உன் கடிதத்தில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது.